எங்கள் அடுப்படியில் ஓர் ஆத்தங்குடி

சிவில் படிக்கிறவன் சொந்த வீட்டு அடுப்படியைச் சீர்செய்யாவிட்டால் அப்புறம் டிப்ளமோ எதற்கு? புகை படிந்த எங்கள் அடுப்படிக்குள் விருந்தாளி யாரையும் அம்மா விட்டதே இல்லை. "குகை மாதிரி இருக்குடா, வெக்கமா இருக்கு" என்பார். போன விடுமுறையில் துணிந்து இறங்கினேன். எல்லாமே செட்டிநாட்டுப் பாணி. செலவு 2,000 ரூபாய்க்குள்!

ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் மூலை உடைந்த பூக்கற்கள் மலிவாகக் கிடைத்தன. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. சூளைக்கே போகாது, வழவழப்பு கண்ணாடி தந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் பேரம் பேசி, கல்லின் சிவப்புக்குத் தோதாக ஓர் எனாமல் தூக்கும் வாங்கினேன்.

அடுப்புக்குப் பின்சுவரில் நானே பதித்தேன். மறுநாளே சாம்பார் தெறித்து மஞ்சள் கறை! சுடாத கல் உறிஞ்சும் என்பது அப்போதுதான் உறைத்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. தினமும் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்தார். கல் மெருகேறியது, கறை மட்டும் முழுசாகப் போகவில்லை. "இருக்கட்டும்டா, சமைக்கிற இடம்னு தெரிய வேணாமா?" என்றார்.

போன வாரம் பக்கத்து வீட்டு அத்தையை அம்மாவே உள்ளே அழைத்தார்: "வாங்க மதினி, எம்புள்ள பதிச்ச கல்லு!"

எந்த பிராக்டிகலிலும் எனக்கு இத்தனை மார்க் விழுந்ததில்லை.