கடல்முகத்தில் மெலியும் காவிரி

திருச்சிக்கு அருகே முக்கொம்பில் காவிரியைப் பார்த்தவர்கள் பூம்புகாருக்குப் போனால் திகைத்துப்போவார்கள். நானும் அங்கே நின்று, "இதுவா காவிரி?" என்று உடன் வந்த பெரியவரிடம் கேட்டேன். "இதுதான் தம்பி. வழியெல்லாம் குடுத்துட்டுல்ல வருது" என்றார். பல ஆறுகள் துணையாறுகள் சேரச் சேரப் பெருத்துக் கடலுக்குப் போகும். காவிரியோ முக்கொம்பில் கொள்ளிடத்தையும் கல்லணையில் வெண்ணாற்றையும் பிரித்துவிட்டு, பிறகு குடமுருட்டி, அரசலாறு என்று பங்கு வைத்தபடியே வந்து, வாய்க்கால் அளவில் கடலைத் தொடுகிறது.

இந்த மெலிவுக்கு ஒரு கணக்கு உண்டு. பாசனக் கால்வாய்களின் அளவுகளை ஆராய்ந்து, ஜெரால்டு லேசி என்ற பொறியாளர் 1930 வாக்கில் அதை வகுத்தார். வண்டல் நிலத்தில் நிலைபெற்ற கால்வாயின் அகலம், ஓடும் நீரின் வர்க்கமூலத்தை ஒட்டி அமைகிறது. விநாடிக்கு 100 கன மீட்டர் ஓடினால் அகலம் ஏறக்குறைய 48 மீட்டர். 400 கன மீட்டர் ஓடினால் அகலம் இரண்டு மடங்குதான் ஆகும். மீதி நீரை ஆழமும் வேகமும் ஏற்றுக்கொள்ளும். கரை மண்ணுக்கும் இதில் பங்குண்டு. களிமண் கரை இறுகி நிற்பதால் ஆறு ஒடுங்கி ஆழமாகும். மணல் கரை சரிந்துகொண்டே இருப்பதால் கொள்ளிடம்போல் அகன்று, ஆழமில்லாமல் பரவும்.

நீரைக் கூட்டிக் குறைத்தால் ஆறு என்ன செய்யும் என்பதற்கு முக்கொம்பைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கே பிரியும் கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்வானது, கடலுக்குக் குறுக்கு வழி. அதனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் அந்தப் பக்கமே சாய, காவிரித் தலைப்பு மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். நீர் காவிரிக்குத் திரும்பியது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்த நீர் காவிரியின் தரையை அரிக்கத் தொடங்கியதால், அதன் தலைப்பிலும் குறுக்கே தளம் போட வேண்டியதாயிற்று. தேர்ந்த பொறியாளரின் கணக்குக்கும் ஆறு தன் பதிலைச் சொல்லிவிட்டது.

இன்று கொள்ளிடம் ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளியாகக் கிடக்கிறது. மேட்டூர் அணை 1934இல் வந்தபின் வெள்ளம் குறைந்தது, சீமைக்கருவேலம் மண்டியது. இவ்வளவு அகலம் எதற்கு என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் போன்றவை வெட்டிய அகலம் அது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி திறக்கப்பட்டபோது கொள்ளிடம் அந்த அகலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அந்த மாதம் 22ஆம் தேதி இரவு மேலணையின் 9 மதகுகள் உடைந்தன.

டெல்டாவின் ஒவ்வோர் ஆற்றுக்கும் வெள்ள அகலத்தை அளந்து கரையில் எல்லைக்கல் நட வேண்டும். அந்தக் கற்களுக்குள் மனையும் வேண்டாம், மணல் குவாரியும் வேண்டாம்.