ஒரு சொட்டு எண்ணெய்

பழைய கார் நிற்கும் வீட்டு வாசலைக் கண்டுகொள்வது எளிது. தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கரிய கறை ஒன்று இருக்கும். அதன்மேல் யாரோ மணலைத் தூவியிருப்பார்கள். பாகூர் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வில்லியனூர்ப் பக்கத்திலும் இன்றும் ஓரிரு அம்பாசடர் வண்டிகளைக் காணலாம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியை அடியொற்றி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்ட வண்டி அது. எண்ணெய் சொட்டாத அம்பாசடர் என்றால் உள்ளே எண்ணெயே இல்லை என்று ஓட்டுநர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த வேடிக்கையை நம்பிக் கறையைப் பார்த்தும் பாராமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. கறையைக் கண்டு அஞ்சி வண்டியையே தொலைத்துவிடுகிறவர்களும் உண்டு. என் அத்தான் இந்த இரண்டாவது கூட்டத்தில் சேரவிருந்தார்.

அவர் பாகூரை அடுத்த சிற்றூரில் பயிர் செய்கிறவர். அவரிடமுள்ள அம்பாசடர் 1988-இல் பதிவானது. முழங்கால் மடங்காத அவருடைய தாயாரைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பேருந்துப் படி அந்த அம்மாளுக்கு ஏறாது. ஆட்டோவில் காலை நீட்ட முடியாது. அம்பாசடரின் அகன்ற பின்னிருக்கையில்தான் அவரால் வலியின்றிச் சாய்ந்து அமர முடிகிறது. அந்த வண்டியின் அடியில் கறை பெருகத் தொடங்கியதும் அத்தான் ஒரு பணிமனைக்குக் கொண்டு சென்றார். அடியில் தவழ்ந்து பார்த்தவர்கள், எஞ்சினின் பின்பக்கத்து ஆயில் சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்கியே ஆகவேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்ட தொகை ஒரு போக நெல்லின் இலாபத்தை விழுங்கிவிடும். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் எழுந்தது.

வில்லியனூரில் தொழிலை விட்டு ஓய்வாக இருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் நாங்கள் சென்றது அதன் பிறகுதான். கதையைக் கேட்டதும் அவர் சிரித்தார். “இந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு அந்த இடத்துல ரப்பர் சீலே கிடையாதே தம்பி. இல்லாதது எப்படிப் போகும்?” என்றார். கிராங்க் தண்டின் பின்முனையில் திருகுமரை போல ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறதாம். தண்டு சுழலும்போது வெளியே வரப்பார்க்கும் எண்ணெயை அந்தப் பள்ளமே உள்ளே திருப்பித் தள்ளிவிடும். நின்ற வண்டியில் தள்ளுவதற்கு ஆளில்லை; முகப்பு உயர்ந்திருக்குமாறு சரிவில் நிறுத்தினால் ஒரு சொட்டு கசியத்தான் செய்யும்.

அவர் உடனே கருவிப்பெட்டியைத் திறக்கவில்லை. ஓடும்போது அதிகமா, நின்றபின் அதிகமா, குச்சியில் அளவு எவ்வளவு நாளில் இறங்குகிறது என்று கேட்டார். சொட்டை விரலில் தொட்டு முகர்ந்தார். எஞ்சின் எண்ணெய் கறுத்து வழவழப்பாக இருக்கும். பின் ஆக்சில் எண்ணெய் கெட்டியாகி மூக்கைத் துளைக்கும். பிரேக் எண்ணெய் நீர்த்திருக்கும், பெயிண்டையும் உரித்துவிடும். இது எஞ்சின் எண்ணெய்தான் என்று உறுதி செய்துகொண்டார்.

ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு மேலிருந்து கீழாகக் கழுவித் துடைத்தார். பல ஆண்டு அழுக்கு அதில் போயிற்று. நன்கு உலர்ந்தபின், முகத்துக்குப் பூசும் பவுடரைப் பொருத்துகள் எங்கும் மெல்லத் தூவினார். குழந்தைக்குப் பூசுவதுபோல் அவ்வளவு கவனமாகத் தூவியதைப் பார்த்து அத்தானுக்கு நம்பிக்கை சற்றுக் குறைந்தது என்றே நினைக்கிறேன். “கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வாங்க” என்று அனுப்பினார். சங்கராபரணிப் பாலம் வரை சென்று திரும்பினோம். பானெட்டைத் தூக்கியதும், மேலே உள்ள டாப்பெட் கவரின் பின்விளிம்பில் வெண்பொடி கறுத்து நனைந்திருந்தது. அங்கிருந்து ஒரு கோடு எஞ்சினின் முதுகு வழியே இறங்கி, கிளட்ச் கூட்டின் மேல் வழிந்து, அதன் அடிப்புறத்தில் சொட்டாகத் தொங்கியது. அடியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசி இடம் மட்டுமே தெரிந்திருக்கிறது. எண்ணெய் கீழ்நோக்கி ஓடும், ஓட்டத்தின் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். ஆகவே நனைந்த இடங்களில் மிக உயரமானதும் முன்னே இருப்பதுமான இடத்தைத் தேட வேண்டும் என்று அவர் விளக்கினார்.

மூடியைக் கழற்றியபோது உள்ளிருந்த கார்க் பேக்கிங் அப்பளம்போல் நொறுங்கியது. கசிகிறதே என்று யாரோ அதன் இரு நட்டுகளையும் வலுக்கொண்டு முறுக்கியிருக்கிறார்கள். முறுக்கினால் கார்க் பிதுங்கும், தகடும் வளையும், கசிவு கூடும். வளைந்த விளிம்பைக் கட்டைமேல் வைத்துத் தட்டிச் சமன் செய்தார்.

அதோடு நிறுத்தியிருந்தால் புதிய பேக்கிங்கும் நெடுநாள் தாங்கியிராது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எப்போதும் சிறிது புகை கீழே இறங்கும். அது வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. பிரீதர் என்பார்கள். எங்கள் வண்டியில் அது கரும்பிசினால் அடைபட்டிருந்தது. வெளியேற வழியற்ற புகை உள்ளே அழுத்தமாகி, பலவீனமான பொருத்து எங்கிருந்தாலும் எண்ணெயைப் பிதுக்குகிறது. பின்முனைத் திருகுப்பள்ளத்தையும் வென்றுவிடுகிறது. குழாயைக் கழுவி ஊதிப் பார்த்த பிறகே புதிய கார்க்கைப் பொருத்தினார். நட்டுகளைச் சிறு ஸ்பானரால் அளவோடுதான் இறுக்கினார். பொருளுக்கும் கூலிக்குமாக நீட்டிய ஐந்நூறு ரூபாயில் மீதியும் கிடைத்தது.

கசிவு முற்றிலும் நின்றுவிடவில்லை. சில இரவுகளில் ஒரு சொட்டு விழுகிறது. அந்த ஒரு சொட்டுக்காக எஞ்சினை இறக்குவது வீண் என்பது பெரியவரின் தீர்ப்பு. எனக்கும் அது சரியாகவே படுகிறது. குச்சியில் அளவு வேகமாக இறங்கினாலோ, கிளட்ச் வழுக்கினாலோ, சூடான புகைக்குழாயில் எண்ணெய் பட்டுக் கருகும் வாடை வந்தாலோ தாமதியாமல் வரச் சொல்லியிருக்கிறார். அத்தான் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அடியில் பழைய தகரத் தட்டு ஒன்றை வைத்திருக்கிறார். பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் கார்களின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை அவர் போன வாரம்தான் எழுதிக்கொடுத்தார்.