மிட்வேயும் ஐந்து நிமிடக் கதையும்

போர் வரலாறு எழுதுவோர் 'திருப்புமுனை' என்னுஞ் சொல்லைப் பெரிதும் விரும்புவர். ஆண்டுக்கணக்காகக் குழம்பிக் கிடந்த நிகழ்ச்சிகளை ஒரு நாளுக்குள், சில வேளை ஒரு மணித்தியாலத்துக்குள், அடக்கிவிட அச்சொல் துணைசெய்கின்றது. இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பசிபிக் களத்தைப் பொறுத்தவரை அந்த நாள் 1942 யூன் 4. இடம் மிட்வே என்னும் சிறு பவளத்தீவின் கடற்பரப்பு. அன்று காலை பத்தரை மணியளவில் அக்காகி, காகா, சோரியூ ஆகிய மூன்று யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் தீப்பற்றின. நான்காவதாகிய ஹிரியூ பிற்பகலில் தாக்குண்டது. நான்கும் கடலுக்குள் மறைந்தன.

இக்கப்பல்கள் ஈழத்தவருக்கு அந்நியமானவையல்ல. அதே ஆண்டு ஏப்ரில் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின் மீது குண்டு பொழிந்த விமானங்கள் புறப்பட்ட தாங்கிகள் ஐந்து. அவற்றுள் அக்காகி, சோரியூ, ஹிரியூ மூன்றும் இரு மாதங்களின் பின் மிட்வேயில் அழிந்தவையே. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையைத் தாக்கியதும், மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' கப்பலை மூழ்கடித்ததும் இதே படைதான். கொழும்புத் தாக்குதலை வானில் முன்னின்று நடத்தியவர் மிட்சுவோ புச்சிடா. பேர்ள் துறைமுகத் தாக்குதலை நடத்தியவரும் அவரே. மிட்வேயில் அவர் பறக்கவில்லை. குடல்வால் சத்திரசிகிச்சை முடிந்து அக்காகியிலேயே தங்கியிருந்தார்.

இவரைப் பற்றி இவ்வளவு கூறக் காரணமுண்டு. மிட்வேயைப் பற்றி உலகம் நெடுங்காலம் நம்பிவந்த கதை இவருடையது. 1951இல் யப்பானிய மொழியிலும் 1955இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த நூலில் அவர் தீட்டிய காட்சி இதுதான்: எதிர்த்தாக்குதலுக்கான விமானங்கள் மேற்றளங்களில் ஆயத்தமாக நின்றன, இயந்திரங்கள் உறுமின, இன்னும் ஐந்தே நிமிடங்கள் கிடைத்திருப்பின் அவை யாவும் வானில் ஏறியிருக்கும், அக்கணத்திற்றான் அமெரிக்கக் குண்டுகள் வீழ்ந்தன. நாடகத்துக்கு இதனினும் உகந்த காட்சி வேண்டுமோ?

ஆயின் அது நிகழவில்லை. அன்று காலை அமெரிக்க விமானங்கள் மேலிருந்து எடுத்த நிழற்படங்களில் யப்பானியத் தாங்கிகளின் மேற்றளங்கள் ஏறக்குறைய வெறுமையாகவே உள்ளன. காவல் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதுமாகவே அந்தக் காலைப்பொழுது கழிந்தது. தாக்குதல் விமானங்களோ கீழ்த்தள விமானக்கூடங்களில், எரிபொருளோடும் குண்டுகளோடும், நின்றிருந்தன. பார்ஷல், டல்லி என்னும் இருவர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக நிறுவியது. ஐந்து நிமிடம் என்ன, அரை மணித்தியாலம் கிடைத்திருப்பினும் போதியிராது.

ஐந்து நிமிடக் கதை ஏன் இத்தனை காலம் வாழ்ந்தது? தோற்றவருக்கு அது ஆறுதல். விதி சற்றே பிசகியது என்றால், பரந்த கடலிற் படையைச் சிதறவிட்ட யமமோட்டோவின் திட்டத்தையும், எதிரியை இகழ்ந்த இறுமாப்பையும் எவரும் விசாரிக்க வேண்டியதில்லை. ஜேர்மனியிலும் இதுவே நடந்தது. 1955இல் தளபதி மான்ஸ்டைன் தம் நினைவுகளுக்கு இட்ட தலைப்பு 'இழந்த வெற்றிகள்'. ஸ்ராலின்கிராட்டிலும் பிறவிடங்களிலும் நேர்ந்த தோல்விகளின் பழியைப் பெரிதும் ஹிட்லரின் தலையிற் சுமத்தித் தளபதிகள் தம் கைகளைக் கழுவிக்கொண்டனர்.

வென்றவர் பக்கத்திலும் இக்கதை பலரை மறைத்தது. பேர்ள் துறைமுகத்தில் ஒரு நிலவறையிலிருந்து யப்பானியரின் சங்கேதச் செய்திகளோடு போராடிய ரோச்ஃபோர்ட் குழுவினர், 'ஏ.எஃப்.' என்ற குறியீடு மிட்வேயையே குறிக்கின்றது என ஐயுற்றனர். அங்கே நன்னீர் வடிக்கும் இயந்திரம் பழுதடைந்துவிட்டதாகச் சங்கேதமின்றிப் பொய்ச் செய்தி அனுப்பச் செய்தனர். 'ஏ.எஃப்.'இல் நீர்த் தட்டுப்பாடு என்று யப்பானியச் செய்தி பேசிற்று, ஐயம் நீங்கிற்று. ரோச்ஃபோர்ட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்ட உயர்விருது, அவர் 1976இல் இறந்து சில ஆண்டுகளின் பின்னரே வழங்கப்பட்டது.

கப்பற்பட்டறைத் தொழிலாளரும் மறைந்துபோயினர். மே மாதத்துப் பவளக்கடற் சமரில் புண்பட்டு வந்த 'யோர்க்டவுன்' தாங்கியைத் திருத்த மூன்று மாதங்கள் வேண்டும் என மதிப்பிட்டனர். இரவுபகலாக உழைத்து அவர்கள் அதனை மூன்று நாளுக்குள் கடலுக்கு அனுப்பினர். சோரியூவை அழித்தவை அக்கப்பலின் விமானங்களே. இலங்கைக்கு வந்த ஐந்து தாங்கிகளில் எஞ்சிய இரண்டோ, அதே பவளக்கடற் சமரில் ஒன்று சேதமுற்றும் மற்றது விமானிகளை இழந்தும் மிட்வேக்கு வரவியலாது போயின.

'ஹோர்னெட்'டிலிருந்து பறந்த எட்டாம் டோர்பிடோ அணியின் 15 விமானங்களும் சுட்டு வீழ்த்தப்பட்டன. அவற்றிற் சென்ற முப்பதின்மருள் உயிர் பிழைத்தவர் ஒருவரே. அவர்கள் ஏவிய டோர்பிடோ ஒன்றேனும் இலக்கைத் தைக்கவில்லை. எனினும் காலை முழுவதும் இடைவிடாது வந்த இத்தகைய தாக்குதல்களாலேயே யப்பானியரின் மேற்றளங்கள் ஓய்வின்றிப் போயின. எதிர்த்தாக்குதல் விமானங்களை மேலே கொண்டுவர அவகாசம் வாய்க்கவில்லை.

அன்றோடு போர் திரும்பிவிட்டதா என்பதும் ஐயத்துக்குரியதே. ஓகஸ்ட் முதல் அடுத்த பெப்ரவரி வரை குவாடல்கனால் தீவில் நடந்த நீண்ட தேய்வே யப்பானின் விமானிகளைக் கரைத்தது. மிட்வேயில் மாண்ட யப்பானியர் மூவாயிரத்துக்கு மேல். அவர்களுட் பெரும்பாலோர் விமானிகளல்லர். பொறியறைகளிலும் விமானக்கூடங்களிலும் பணிபுரிந்து, மேலே நடப்பதைக் காணாமலே வெந்தவர்கள் அவர்கள்.

யப்பானிய மக்களுக்கு இவ்விழப்பு மிகக் குறைத்தே அறிவிக்கப்பட்டது. உயிர் தப்பியோர் உறவினரைக் காணாதவாறு தனிமைப்படுத்தப்பட்டனர். எரியும் கப்பலிலிருந்து தப்புகையிற் கால் முறிந்த புச்சிடாவும் அவர்களுள் ஒருவர். இருள் சூழ்ந்த பின்னரே தம்மைக் கரையேற்றி, எவரையும் சந்திக்கவிடாது வைத்தியசாலையில் அடைத்துவைத்தனர் என்று, அந்த ஐந்து நிமிடங்களைப் பற்றி எழுதிய அதே நூலில் அவர் எழுதியுள்ளார்.