நாற்காலிகள் வீற்றிருக்கும் கூடம்

கோபன்ஹேகன் நகரில் 1757-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பழைய மருத்துவமனையொன்று, 1926 முதல் டென்மார்க்கின் வடிவக்கலை அருங்காட்சியகமாக விளங்கிவருகிறது. அக்கட்டடத்தைப் புதுப்பித்தவர்களுள் ஒருவர் கோரே கிளிண்ட். மனித உடலின் அளவுகளை ஆராய்ந்து மரச்சாமான்களை அமைத்தவர்.

அங்கே நாற்காலிகளுக்கென்றே ஒரு கூடம் உண்டு. நாற்காலிகளெல்லாம் வீற்றிருக்க, நாம் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தோம்! நம் மனத்தைக் கவர்ந்தது ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வகுத்த நாற்காலி. அவர் செருப்புத் தைப்பவரின் மகன். தச்சுத் தொழிலை இளமையிலேயே பயின்றவர். அந்நாற்காலியின் முதுகுச் சட்டம் கவட்டைபோலப் பிரிந்து தாங்குகிறது. இருக்கையோ ஏறத்தாழ 120 மீட்டர் காகிதக் கயிற்றால் கையினால் பின்னப்படுவது. 1950 முதல் இன்றளவும் அது செய்யப்பட்டு வருகிறது.

இருக்கை நைந்தால் கயிற்றை நீக்கிப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். மரம் அடுத்த தலைமுறைக்கும் உழைக்கும்.

ஊர்விட்டு ஊர் மாறும் நம் குடும்பங்கள் ஒவ்வொரு முறையும் எத்தனை பொருள்களைப் பழையனவென்று கழித்துவிடுகின்றன! தாத்தா அமர்ந்திருந்த பிரம்பு நாற்காலியை நாமும் அவ்வாறே விட்டுவந்தோம். அக்கூடத்தில் நின்றபோது அது நினைவுக்கு வந்தது. அன்று தளர்ந்திருந்தது பின்னல் மட்டுமே. மரத்துக்கு ஒரு குறையும் இல்லை.