எட்டு நிமிடமா, ஆறு நிமிடமா?



உங்கள் வீட்டுப் பழைய தகரப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். நிலப் பத்திரங்களுக்கும் நிக்காஹ் பதிவுச் சீட்டுகளுக்கும் நடுவே சில கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைக்கும். கடல் கடந்து போவதற்காக எடுத்த பாட்டனாரின் பாஸ்போர்ட் படம், பெருநாள் காலையில் புத்தாடையுடன் நிற்கும் பிள்ளைகளின் படம் என்று ஒவ்வொன்றும் ஒரு செல்வம். அவற்றுள் சிலவற்றில் நெற்றிச் சுருக்கம்கூடத் தெளிவாகத் தெரியும். வேறு சிலவற்றில் சட்டை சுண்ணாம்புச் சுவர் போல் வெளுத்திருக்க, முகம் கரி பூசியது போல் இருண்டு கிடக்கும். இந்த வேறுபாட்டுக்குக் காமிராவின் விலைதான் காரணம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல நேரங்களில் உண்மைக் காரணம் அதுவன்று. இருட்டறையில் நின்றவர் தண்ணீரின் சூட்டைப் பார்த்தாரா, கடிகாரத்தைப் பார்த்தாரா என்பதே காரணம்.

கைப்பேசியில் ஒரு நாளில் நூறு படம் எடுக்கும் இக்காலத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நான் வாழும் மூக்கண்டப்பள்ளி, ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதி. மதரஸாவில் ஓதிக்கொடுப்பது என் பணி. கலைக்கல்லூரியில் படித்த நாட்களில் மாலை வேளைகளில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால், பிலிம் காமிராவைத் தேடிப் பிடித்த இளைஞர்கள் சிலர் இப்போது என்னிடம் வருகிறார்கள். அவர்கள் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை செய்கிறவர்கள். ஒரு சுருளுக்குச் சில நூறு ரூபாய் செலவழிக்க அவர்கள் வேறு செலவுகளைச் சுருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே விலை குறைந்த பிலிமையே வாங்குகிறார்கள். படம் கெட்டுப்போனால், ‘மலிவுச் சரக்கு, இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மலிவு பிலிம் நமக்குப் புதிதன்று. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம் 1960இல் அமைக்கப்பட்டது. பிரான்சு நாட்டு நிறுவனமொன்றின் தொழில்நுட்ப உதவியுடன் 1967இல் அது உற்பத்தியைத் தொடங்கியது. பிலிம் தொழிலுக்குக் குளிர்ச்சியும் தூசு குறைந்த காற்றும் வேண்டும். நீலகிரியில் அவை இரண்டும் இருந்தன. ‘இந்து’ என்பது அதன் வணிகப் பெயர். வடமொழியில் சந்திரனைக் குறிக்கும் சொல் அது. தமிழகத்துச் சிறு ஸ்டூடியோக்கள் பலவற்றில் அந்தப் பிலிமும் புரோமைடு தாளும் புழங்கின. 1990களில் நலிவுற்ற அந்த ஆலையில் இன்று உற்பத்தி இல்லை. இப்போது நம் இளைஞர்கள் கையில் இருப்பவை செக் நாட்டின் போமா நிறுவனத்துப் பிலிமும், இங்கிலாந்தின் ஹார்மன் நிறுவனம் செய்யும் கென்ட்மியர் பிலிமும் ஆகும். புகழ்பெற்ற இல்ஃபோர்டு பிலிமைச் செய்வதும் அதே ஹார்மன் நிறுவனம்தான் என்பதை நினைவில் வையுங்கள். விலை குறைவு என்பதால் ஒரு பிலிம் இழிவானதாகிவிடாது.

ஆனால் இப்பிலிம்கள் எல்லாம் குளிர்நாட்டில் பிறந்தவை. அவற்றோடு வரும் தாளில் டெவலப்பரில் இருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கே குறிக்கப்பட்டிருக்கிறது. நம் குழாய்த் தண்ணீர் அந்தத் தாளைப் படிப்பதில்லை! சித்திரை மாதப் பிற்பகலில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் வெப்பமானியை வைத்தேன். 31 டிகிரி காட்டியது. மார்கழி மாத சுபுஹு வேளையில் அதே தொட்டியில் 17 டிகிரி. ஒரே வீடு, ஒரே தொட்டி, 14 டிகிரி வேறுபாடு!

இந்த வேறுபாடு ஏன் பொருட்படுத்தத்தக்கது? ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள்களைக் கருநிற வெள்ளியாக மாற்றுவதே டெவலப்பரின் வேலை. சூடு கூடினால் அந்த வேலை விரைவாக நடக்கும். குறைந்தால் மெதுவாக நடக்கும். மேலும், காட்சியின் நிழற்பகுதிகள் நெகட்டிவில் விரைவில் வளர்ந்து ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. வெளிச்சப் பகுதிகளோ நேரம் செல்லச் செல்லக் கருத்துக்கொண்டே போகின்றன. எனவேதான், நிழலைப் பார்த்து ஒளி கொடு, வெளிச்சத்தைப் பார்த்து டெவலப் செய் என்று பழைய கலைஞர்கள் சொன்னார்கள். வெள்ளை ஜிப்பாவும் வெள்ளைத் துப்பட்டியும் அணிந்தவர்களை வெயிலில் படம் எடுக்கும் நமக்கு இது மிகவும் வேண்டிய பாடம். இரண்டு நிமிடம் மிஞ்சினால் துணியின் மடிப்பெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைத் திட்டு மிஞ்சும்.

சூட்டையும் நேரத்தையும் இணைக்கும் கணக்கு மிக எளியது. 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23 டிகிரியில் 3 நிமிடம், 16 டிகிரியில் 6 நிமிடம் என்று இல்ஃபோர்டு தன் குறிப்பேடுகளில் வழிகாட்டுகிறது. அதே விகிதத்தில், தாளில் 8 நிமிடம் என்றிருந்தால் 23 டிகிரியில் 6 நிமிடம், 16 டிகிரியில் 12 நிமிடம் ஆகும். எங்கள் ஊரார்க்கு இதை விளக்குவது கடினமன்று. உருக்கை உலையில் வைத்துப் பதப்படுத்துபவர்களுக்குச் சூடும் நேரமும் சேர்ந்தே பொருளின் குணத்தைத் தீர்மானிக்கும் என்பது கைப்பாடம். டைட்டன் கைக்கடிகாரங்கள் பிறக்கும் ஊரில் நிமிடத்தின் அருமையை வேறு யார் வந்து சொல்ல வேண்டும்?

இப்போது ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். எங்கள் தெருவில் பிட்டர் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் இருக்கிறார். அவருடைய நன்னி வாழ்நாளெல்லாம் படம் எடுத்துக்கொள்ள மறுத்தவர். ஒரு கோடைக்காலத்தில், பேரனின் வற்புறுத்தலுக்கு இணங்கி, வெள்ளைத் துப்பட்டியுடன் திண்ணையில் உட்கார்ந்தார். பேரன் அந்தச் சுருளைத் தாமே டெவலப் செய்தார். தாளில் கண்ட நேரத்தை ஒரு விநாடியும் பிசகாமல் கடைப்பிடித்தார். தண்ணீர் மட்டும் பிற்பகல் தொட்டித் தண்ணீர். சில வாரங்களில் நன்னி வஃபாத்தாகிவிட்டார். பிறகு பிரதி எடுத்துப் பார்த்தபோது, துப்பட்டி இருந்த இடம் முழுவதும் வெறும் வெள்ளை. முகத்தின் பாதியும் அதில் கரைந்திருந்தது. ‘மலிவு பிலிமை நம்பியது தப்பு’ என்று கலங்கிய கண்களோடு என்னிடம் வந்தார்.

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிலிமின் ஓரத்தில் ஆலையிலேயே பதிக்கப்பட்ட எண்களும் எழுத்துகளும் உண்டல்லவா? அவை நம் காமிராவுக்குக் கட்டுப்பட்டவையல்ல. டெவலப்பருக்கு மட்டுமே கட்டுப்பட்டவை. அந்தப் படத்தில் அவை மை ஊறியது போல் தடித்துக் கருத்திருந்தன. பிலிம் குற்றமற்றது, சூடான டெவலப்பரில் அளவு மீறி ஊறியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. வாசகர்களே, இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். ஓர எழுத்துகள் மங்கியிருந்தால் டெவலப்பர் போதவில்லை. ஓர எழுத்துகள் சரியாக இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால் ஒளி போதவில்லை. குற்றவாளி யார் என்பதை நெகட்டிவே சொல்லிவிடும்.

அளவு மீறிக் கருத்த நெகட்டிவை மருந்தில் போட்டு வெளிறச் செய்யும் முறைகள் உண்டு. இருக்கின்ற ஒரே நெகட்டிவில் அந்தச் சோதனை வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். மாறாக, பிரதி எடுக்கும்போது துப்பட்டியும் முகமும் உள்ள பகுதிக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒளி கொடுத்தோம். நெற்றியும் கண்களும் மீண்டன. துப்பட்டியின் ஓரப் பூவேலை மீளவே இல்லை. அந்தப் பூவேலை நன்னி தம் கையால் செய்தது என்று அவர் சொன்னார். அதற்கு நான் என்ன மறுமொழி சொல்வேன்?

ஆகவே, எந்த நேரம், எந்தச் சூடு என்பதை எப்படித் தேர்ந்துகொள்வது? என் அனுபவத்தில் கண்ட வழி இது.

முதலாவது, வெப்பமானி வாங்குங்கள். இன்னொரு காமிரா வாங்குவதைவிட அது பயன் தரும். இரண்டாவது, ஒரே பிலிம், ஒரே டெவலப்பர் என்று ஆறு சுருளாவது நிலைத்து நில்லுங்கள். டி-76 என்னும் டெவலப்பர் 1927 முதல் வழக்கில் உள்ளது. இல்ஃபோர்டின் ஐடி-11 அதற்கு இணையானது. மலிவு பிலிமுக்கு இவை போதும். மூன்றாவது, கோடையில் கலக்காத டெவலப்பரைப் பயன்படுத்த வேண்டாம். சூட்டில் நேரம் 5 நிமிடத்துக்கும் கீழே இறங்கினால் படம் திட்டுத்திட்டாக வளரும். ஒரு பங்கு டெவலப்பருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் நேரம் நீளும். சான்றாக, எச்பி5 பிளஸ் பிலிமுக்கு ஐடி-11இல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சமபங்கு தண்ணீர் கலந்தால் 13 நிமிடம். அதையே 24 டிகிரியில் செய்தால் சுமார் 9 நிமிடம். உங்கள் பிலிமுக்கு அதன் தாளில் உள்ள நேரத்தையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. டெவலப்பர் 30 டிகிரியில் இருந்தால், 10 டிகிரிக்குக் குளிர்ந்த தண்ணீரைச் சமபங்கு சேர்த்தால் கலவை 20 டிகிரிக்கு வந்துவிடும். 18 டிகிரித் தண்ணீர் சேர்த்தால் 24 டிகிரி. டெவலப்பருக்குள் ஐஸ் கட்டியை நேரே போடாதீர்கள்; அளவு கெடும். கடுங்கோடையில் 20 டிகிரியைப் பிடித்து நிறுத்தப் போராடுவதைவிட 24 டிகிரியைத் தேர்ந்துகொள்வது நல்லது. சூடான அறையில் டாங்க் விரைவில் சூடேறாமலிருக்க, அதே சூடுள்ள தண்ணீர் நிறைந்த வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். 24க்கு மேலே போவதைத் தவிருங்கள். ஜெலட்டின் பூச்சு ஊதி மென்மையாகிவிடும். ஹைப்போவும் கழுவும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். குளிரிலிருந்து சூட்டுக்கு பிலிமைத் திடீரென மாற்றினால் பூச்சு சுருங்கி வெடிப்பு விழலாம்.

டாங்க்கைத் தலைகீழாக்கி ஆட்டுவதிலும் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 10 விநாடி, நான்கு முறை என்பது நல்ல வழக்கம். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, பிலிம், கலவை, சூடு, நேரம் ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். வெள்ளைத் துணியின் மடிப்பு மறைந்தால் அடுத்த முறை நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். படம் சப்பென்று இருந்தால் அதே அளவு கூட்டுங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாமல் போகும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். இந்த மருந்துகளைச் சமையல் பாத்திரத்தில் கலக்க இடம் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சிலருக்கு மெட்டால் என்னும் பொருள் தோலில் அரிப்பை உண்டாக்கும். கையுறை கட்டாயம் வேண்டும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கலந்திருப்பதால் அதைக் கிணற்றருகிலோ தோட்டத்திலோ கொட்டலாகாது.

வாசகர்களே, விலை உயர்ந்த பிலிமும் சூட்டைப் பாராதவர் கையில் கெடும். மலிவு பிலிம் நம்மிடம் கேட்பது கூடுதல் பணமன்று; கொஞ்சம் ஒழுங்கும் பொறுமையும்தான். உங்கள் வீட்டுப் பிள்ளை பழைய காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்தால் வீண்செலவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். கையில் ஒரு வெப்பமானியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுங்கள். முதல் இரண்டு சுருளில் சுவரையும் மரத்தையும் வாசலில் காயும் வெள்ளை வேட்டியையும் எடுத்துப் பழகட்டும். வீட்டுப் பெரியவர்களைத் திண்ணையில் உட்கார வைப்பது மூன்றாவது சுருளில் இருக்கட்டும்.