பெயரும் முகவரியும்

கடனாகக் கொடுத்த நெல்லை அறுவடையின் பின் திருப்பிக் கேட்கலாம். இரவலாகக் கொடுத்த மண்வெட்டியை மறுநாட் காலையிலேயே கேட்டு வாங்கலாம். பெயரையும் முகவரியையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டால், அவற்றைத் திருப்பிப் பெறுவது எளிதன்று. அவை எந்தக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கின்றன, அக்கொப்பி எவர் கையில் இருக்கின்றது, அதனை இன்னும் எத்தனை பேர் பார்த்திருக்கின்றனர் என்பதெல்லாம் கொடுத்தவருக்குத் தெரிவதில்லை. ஆதலின் முகவரி கொடுப்பதைச் சிறு செயலென்று எண்ணுதல் கூடாது. அது நம்பி ஒப்படைத்த பொருள்.

இக்காலத்தில் வணிகம் செய்வோர் பலரும் இப்பொருளையே தேடுகின்றனர். வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டிப் பட்டியலாக்கி, புதுப் பொருள் வந்ததும் அனைவருக்கும் ஒரே வேளையில் மடல் அனுப்புவது இன்றைய வணிக முறைகளுள் ஒன்று. எமது வன்னிக்கும் அம்முறை வந்துவிட்டது. பனங்கட்டியும் ஒடியல் மாவும், முல்லைத்தீவுக் கரையிற் காய்ந்த கருவாடும், காட்டுத் தேனும் இங்கே கிடைக்கின்றன. அவற்றை விரும்பி வாங்குவோரோ கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றனர். ஏ-9 வீதியோரத்துக் கடையில் ஒருமுறை வாங்கிச் சென்றவர் மறுமுறை வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். அதற்கிடையில் அவரோடு உறவு அறாமல் இருக்க வழி வேண்டாமா?

முகநூலிற் பக்கம் திறந்தாற் போதாதோ என்று கேட்பாரும் உளர். அங்கே ஆயிரம் பேர் விருப்பம் தெரிவித்தாலும், அவர்களுள் எத்தனை பேர் கண்ணில் எமது செய்தி படவேண்டும் என்பதை அந்நிறுவனமே தீர்மானிக்கின்றது. அது பிறர் காணியிற் போட்ட கொட்டில். மின்னஞ்சற் பட்டியலோ, ஓரளவுக்கேனும், சொந்தக் காணி. காணியின் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சென்ற ஆடி மாதத்திற் கிளிநொச்சியில் நடந்த ஒரு விற்பனைக் கண்காட்சிக்குச் சென்றிருந்தோம். பனம்பொருள் விற்ற ஒரு சகோதரி, மேசையின் ஓரத்தில் ஒரு கொப்பியை விரித்து வைத்திருந்தார். அதிற் பெயருக்கு ஒரு நிரலும் மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு நிரலும் கோடிடப்பட்டிருந்தன. முதியவர் ஒருவர் புழுக்கொடியல் வாங்கிப் பணத்தையும் கொடுத்துவிட்டு, அக்கொப்பியைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார்.

“ஏன் பிள்ளை, பேரெல்லாம் எழுதுறாய்? எதுக்குப் பதியிறீங்கள்?” என்றார்.

“ஒண்டுமில்லை ஐயா, புதுச் சரக்கு வந்தால் அறிவிக்கத்தான். விருப்பமில்லாட்டி எழுத வேண்டாம்.”

முதியவர் சற்று யோசித்தார். “என்ர பேர் வேண்டாம். மகள் கனடாவில இருக்கிறா. அவவின்ரையைத் தாறன், எழுது” என்றார்.

சகோதரி பேனாவை எடுக்கவில்லை. “அவவைக் கேளாமல் எழுதக் கூடாது ஐயா. இந்தத் துண்டை அவவுக்கு அனுப்பிவிடுங்கோ. விருப்பமெண்டால் அவவே எழுதட்டும்” என்று சொல்லித் தம் முகவரி அச்சிட்ட சிறு தாளொன்றை அவர் பையில் வைத்தார்.

முதியவரின் அச்சமும் சகோதரியின் மறுப்பும் எம் உள்ளத்தில் நெடுநேரம் நின்றன. அவ்வச்சம் அறியாமையிற் பிறந்ததன்று, அனுபவத்திற் பிறந்தது.

வன்னியில் வாழ்ந்தோர்க்குப் பட்டியல் என்பது வெறுந் தாளன்று. கூப்பன் புத்தகத்திற் பெயர் இருந்தாற்றான் அரிசி கிடைத்த காலம் ஒன்று இருந்தது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் புதிய பதிவு, புதிய அட்டை, புதிய வரிசை. 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது, ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முகாம்களிற் பதிவு செய்யப்பட்டிருந்தனர். அவருட் பெரும்பாலோர் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள். அம்முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. பின்னர் 2017 பெப்ரவரி 20 ஆம் நாள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிற் போராட்டம் தொடங்கினர். அவர்கள் வற்புறுத்திக் கேட்டவற்றுள் ஒன்று, போரின் இறுதியிற் சரணடைந்தோரின் பெயர்ப் பட்டியல்.

பட்டியலிற் பெயர் இருந்தமையால் அஞ்சியோரும் இங்கு உளர். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாமையால் அழுவோரும் உளர். இத்தகைய மண்ணிற் கொப்பியை விரித்துப் பெயர் கேட்பவர், கேட்கும் முறையை அறிந்திருத்தல் வேண்டும். விற்பனை நூல்கள் இதனைக் கற்பிப்பதில்லை.

கேளாமல் முகவரி திரட்டும் வழக்கம் மின்னஞ்சலோடு உடன்பிறந்தது போலும். 1978 மே 3 ஆம் நாள், டிஜிற்றல் எக்குவிப்மென்ற் கோப்பரேசன் என்னும் அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி தூர்க் என்பார், ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் வலைப்பின்னலைப் பயன்படுத்தியோரின் அச்சிட்ட விவரத்தொகுதி ஒன்று இருந்தது. முகவரிகள் அதிலிருந்தே எடுக்கப்பட்டன. முகவரிகள் மிகுதியாகித் தமக்குரிய இடம் போதாமல் மடலின் உடலுக்குள்ளும் வழிந்தனவாம்! புதிய கணினியைப் பார்க்க வருமாறு அழைத்த அம்மடலை வலைப்பின்னலின் நிர்வாகிகள் கண்டித்தனர். உலகின் முதல் வேண்டாத மின்மடல் என்று இன்று அதனையே சுட்டுவர். அன்று தொடங்கிய குப்பை இன்னும் எமது பெட்டிகளில் விழுந்தவண்ணம் இருக்கின்றது.

எம் முன்னோர் அறிந்த வழியோ வேறு. உ. வே. சாமிநாதையர் 1887 இற் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். அந்நூல் அச்சாகுமுன்னரே, அதனை வாங்குவதாக ஒப்புக்கொள்வோரை நாடிச் சென்று அவர்தம் கையொப்பம் பெற்றார். கையொப்பமிட்டவர், என்ன வரப்போகின்றது என்பதை அறிந்தே இட்டார். யாழ்ப்பாணத்தில் 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, அதனைத் தாமே கையிற் சுமந்து வாசகரைத் தேடிச் சென்று விற்றார். முகம் பார்த்துச் சேர்த்த வாசகர் வட்டம் ஆதலின், இதழ் பல பத்தாண்டுகள் நிலைத்தது. எமது கோயில்களிலும் உபயகாரர் பட்டியல் உண்டன்றோ? ஆண்டுதோறும் திருவிழா விஞ்ஞாபனம் கடல் கடந்தும் செல்கின்றது. அதனை வேண்டாத மடலென்று எவரும் எறிவதில்லை. அந்த உபயத்தைக் கேட்டுப் பெற்றவர்கள் அவர்களே.

ஆகவே பட்டியல் சேர்க்க விரும்பும் இளைஞர்க்கும் மாணவர்க்கும் நாம் கூறக்கூடிய வழிகள் பழைய அறத்தோடு ஒத்தவையே.

முதலாவது, பொருள் கைமாறும் இடத்திலேயே கேளுங்கள். கடை மேசையில் ஒரு கொப்பி, பொதியினுள் ஒரு சிறு தாள், இணையத்தளத்தில் ஒரு சிறு படிவம் ஆகியன போதும். பெயரும் மின்னஞ்சலும் தவிர வேறொன்றும் கேட்கவேண்டாம். ஒடியல் மா விற்பவருக்கு வாங்குபவரின் அடையாள அட்டை இலக்கம் எதற்கு?

இரண்டாவது, எதற்காகக் கேட்கின்றீர்கள், எத்தனை முறை எழுதுவீர்கள் என்பதைக் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். “மாதத்துக்கு ஒரு மடல்” என்று சொன்னால் ஒரு மடலோடு நிற்கவேண்டும்.

மூன்றாவது, பெறுவதற்கு முன் கொடுங்கள். ஒடியற்கூழ் காய்ச்சும் முறையை அழகுற எழுதி, முகவரி தருவோர்க்கு அனுப்பலாம். அயல்நாட்டிற் பிறந்த பிள்ளைக்குக் கூழின் சுவையை அறிவிக்க விரும்பும் தாய்க்கு அது தள்ளுபடியிலும் பெரிது.

நான்காவது, பெயர் வந்தவுடன், “இது தாங்கள் தந்ததுதானா?” என்று கேட்டு உறுதி மடல் ஒன்று அனுப்புங்கள். ஓரெழுத்துப் பிழைத்தாலும் மடல் அயலாரிடம் போய்விடும். மேலும், ஒருவர் பெயரை மற்றொருவர் எழுதிவைக்கும் குறும்புக்கும் இதுவே மருந்து.

ஐந்தாவது, பெறுவோர் அனைவரின் முகவரியும் அனைவர் கண்ணிலும் படுமாறு மடல் அனுப்பாதீர்கள். அது வாடிக்கையாளரின் கொப்பியைச் சந்தியில் ஒட்டிவைப்பதற்கு ஒப்பாகும்.

ஆறாவது, பட்டியலை விலைக்கு வாங்காதீர்கள். பழைய மாணவர் சங்கத்தின் பதிவேட்டையோ கலியாண வீட்டுக் குழுவின் தொலைபேசி இலக்கங்களையோ எடுத்துக் கடைக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை வேறொரு நம்பிக்கையின் பேரில் தரப்பட்டவை.

ஏழாவது, விலகும் வழியை ஒவ்வொரு மடலின் அடியிலும் தெளிவாக எழுதுங்கள். விலகுபவரிடம் காரணம் கேட்டு வருத்தாதீர்கள். கதவைத் திறந்து வைத்த வீட்டுக்கே விருந்தினர் மறுபடியும் வருவர்.

இவ்வறம் இன்று சட்டமாகவும் வந்திருக்கின்றது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் ஒப்புதல் பெற்றே அவருக்கு இத்தகைய செய்திகளை அனுப்பலாம் என்றும், கட்டணமின்றி விலக அவருக்கு வழி இருக்கவேண்டும் என்றும் விதிக்கின்றது. அச்சட்டத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும், சட்டம் வரும்வரை காத்திருப்பது நல்ல வணிகனுக்கு அழகன்று. எம் உறவினர் பெருந்தொகையாக வாழும் கனடாவில் 2014 ஜூலை 1 முதல் இத்தகைய சட்டம் நடைமுறையில் இருக்கின்றது. அங்குள்ளோர்க்கு வன்னியிலிருந்து வணிக மடல் எழுதுபவரும் அதனை மனத்திற் கொள்ளவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளும் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளன.

சட்டத்துக்கு அஞ்சாதவரும் கணக்குக்கு அஞ்சவேண்டும். ஜிமெயில் பெட்டிகளுக்குப் பெருந்தொகையாக மடல் அனுப்புவோர்க்குக் கூகிள் நிறுவனம் 2024 பெப்ரவரியிற் கடுமையான விதிகளை நடைமுறைப்படுத்தியது. வேண்டாத மடல் என்று முறையிடுவோரின் வீதம் நூற்றுக்கு 0.3 ஐ எட்டலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஆயிரம் மடலுக்கு மூவர் முறையிட்டாற் போதும், மற்றையோர்க்குரிய மடல்களும் குப்பைப் பெட்டிக்குட் போகத் தொடங்கும். கேளாமற் சேர்த்த சில பெயர்கள், கேட்டுச் சேர்த்த பெயர்கள் அனைத்தையும் கெடுத்துவிடும். ஒரு மரக்கால் நெல்லிற் கலந்த கல், சோறு முழுவதையும் பழுதாக்குவது போன்றது இது.

எனவே, “எத்தனை பெயர் சேர்ந்துள்ளன?” என்று கணக்குப் பார்க்குமுன், “எத்தனை பேர் விரும்பித் தந்தனர்?” என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளல் வேண்டும். விரும்பித் தந்த நூறு பெயர் ஒரு குடும்பத்தை வாழவைக்கும். பிடித்துப் போட்ட பத்தாயிரம் பெயர் கணினியில் இடத்தை அடைத்துக் கிடக்கும், அவ்வளவே.

வன்னியின் பொருள்களை உலகெங்கும் எடுத்துச் செல்லப்போகின்றவர்கள் இன்றைய மாணவர்கள். கருவிகளை அவர்கள் விரைவிற் கற்றுக்கொள்வர். அதில் எமக்கு ஐயமில்லை. பெயர்கள் பல முறை கேட்டெழுதப்பட்ட இம்மண்ணில், பெயரைப் பெறுவது எதற்கென்று சொல்லி, பெற்றதைக் காத்து, வேண்டாமென்றவுடன் அழித்துவிடும் ஒரு தலைமுறை தோன்றுமாயின், வணிகம் வளர்வதோடு நம்பிக்கையும் வளரும். பிள்ளைகளே, கொப்பியை விரியுங்கள், விரித்துவிட்டுக் கேளுங்கள், கேட்டபின் எழுதுங்கள்.