வாசல் ஏழடி

விடுமுறை முடிந்து தில்லிக்குத் திரும்பியதும் விடுதி நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "லீவில் என்ன செய்தாய்?" என்பதுதான். ஒருவர் சிம்லாவுக்குப் போய் வந்திருக்கிறார். இன்னொருவர் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தை முடித்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறார். நான் செய்தவை இரண்டே காரியங்கள். வீட்டில் நடந்த பழுதுபார்ப்பில் சுண்ணாம்புத் தூசி தின்றேன். தங்கைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். இரண்டில் எது உயிருக்கு அதிக ஆபத்து என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் நமது மலரின் ஆசிரியரிடம் இந்த இரண்டு பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

எங்கள் வீடு கும்பகோணத்தில், அரசலாற்றுப் பக்கமாக ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. 1958-இல் தாத்தா கட்டியது. முன்னால் திண்ணை. திண்ணைக்கு வலப்புறம் கார் உள்ளே போக ஒரு சந்து. சந்தின் முகப்பில் இரண்டு தூண்களும் ஓர் இரும்புக் கேட்டும். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரிடம் ஒரு பழைய மாருதி 800 உண்டு. அதைத் தம்மைத் தவிர யாரும் சரியாக ஓட்ட முடியாது என்பது அவருடைய அபிப்பிராயம்.

மே மாதம் ஒரு காலையில் உழவன் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனேன். வீடு இருக்க வேண்டிய இடத்தில் சாரம்தான் தெரிந்தது. கூடத்துச் சாமான்களெல்லாம் கொல்லையில் கிடந்தன. அப்பாயி மட்டும் திண்ணையில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"வாடா. உங்கப்பன் வீட்டைப் பிரிச்சிட்டான், பாத்தியா?" என்றாள்.

உண்மையில் வீட்டைப் பிரித்தது மழை. போன ஐப்பசியில் கூடத்தில் மூன்று இடங்களில் ஒழுகியதாம். எங்கள் வீட்டுக் கூரை பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்குத்தாக நிறுத்தி, அதன்மேல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுக் கெட்டித்து, தட்டோடு பதித்த தளம். சில வருஷங்களுக்கு முன்பு ஒழுகலை நிறுத்துவதற்காக அப்பா அதன்மேல் சிமெண்டைப் பூசி வைத்திருந்தார். வந்த கொத்தனார் முதல் காரியமாக அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டார்.

"சுண்ணாம்பு மூச்சு விடும், தம்பி. அது வாயிலே சிமெண்டை வச்சு அடைச்சா, உள்ளே போன தண்ணி வெளியே வர வழி ஏது? கட்டைதான் உளுத்துப் போகும்" என்று எனக்கு விளக்கினார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுச் சாந்து குழைத்தார்கள். வீடு முழுவதும் ஒரு வாரம் அந்தத் துவர்ப்பு வாசனைதான்.

கூரையில் தொடங்கிய வேலை வாசலுக்கு வந்தது அப்பாவின் யோசனையால். "ஆளும் சாமானும் வந்ததே வந்தது. கேட்டையும் அகலப்படுத்திவிடலாம். கார் நுழைய இடமே போதவில்லை" என்றார். இடப்பக்கத் தூணைத் தள்ளி வைக்க வேண்டுமானால் திண்ணையில் மூன்றடி போக வேண்டும். கொத்தனார் திண்ணையில் கரிக்கட்டியால் கோடு போட்டார். மறுநாள் அந்தக் கோட்டின்மேல் அப்பாயி உட்கார்ந்துகொண்டாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை. தட்டு திண்ணைக்குப் போயிற்று.

இந்த நிலையில்தான் தங்கையின் பாடம் என் தலையில் விழுந்தது. அவளுக்குச் சித்திரையில் 18 வயது முடிந்திருந்தது. எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்தும் காரில் ஏறிவிட்டது. 30 நாள் கழிந்தால் லைசென்ஸுக்குப் போகலாம். அதுவரை லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும். அப்பா இரண்டு நாள் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் இருவரும் பேசாமல் திரும்பி வந்தார்கள்.

"அண்ணே, நீ சொல்லிக் கொடு. அப்பாவோடு நான் போகமாட்டேன்" என்றாள். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. அப்பா அதட்டியிருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

காலை ஐந்தரை மணிக்கு வயல் நடுவே போகும் சாலைக்குப் போவோம். அறுவடை முடிந்து காய்ந்த வயல்கள். எதிரே வருபவர் அநேகமாகப் பால்காரர் ஒருவர்தான். முதல் நாள் பதினேழு முறை வண்டி நின்றது. கிளட்சை மெல்ல விடு என்று சொல்வது சுலபம். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல என்பதை எந்த மொழியிலும் சொல்ல முடியாது. அதைக் கால்தான் கற்க வேண்டும். ஒரு கட்டத்தில் வண்டி லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் தெரிந்தவுடன் காலை அங்கேயே நிறுத்து என்றேன். மூன்றாம் நாள் அவள் கால் அதைக் கண்டுகொண்டது. வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் நின்று புறப்பட்டபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் வலது கால்தான் பாவம், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து ஓய்ந்து போயிற்று.

எனக்கு அப்பா கற்றுக்கொடுத்த முறை வேறு. அவர் கத்தமாட்டார். தவறு செய்தால் டேஷ்போர்டை விரலால் இரண்டு முறை தட்டுவார். "கண்ணாடியில் தெரிவது பாதிதான். திரும்பிப் பார்த்தால்தான் மீதி" என்பார். அதையே தங்கைக்கும் சொன்னேன். அவள் சட்டென்று காரை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"அண்ணே, கொத்தனாரிடம் டேப் இருக்கிறது அல்லவா? வீட்டுக்குப் போனதும் வாங்கு" என்றாள்.

டேப்பை நான் ஒரு முனையில் பிடித்தேன். அவள் மறு முனையில். தூணுக்குத் தூண் ஏழடி. காரின் அகலம் ஐந்தடிக்கும் குறைவு. பிறகு அவள் என்னைக் காரின் இடப்பக்கம் அழைத்துப் போனாள். முன் கதவிலிருந்து பின் சக்கரம் வரை நான்கு கீறல்கள். இடப்பக்கத் தூணில் அதே உயரத்தில் நான்கு இடங்களில் பூச்சு பெயர்ந்திருந்தது. வலப்பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை.

"வாசல் சிறுத்துப் போகவில்லை, அண்ணே" என்றாள்.

அப்புறம்தான் அந்த இரண்டாம் நாள் கதையைச் சொன்னாள். இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்திருக்கிறான். அப்பா, "ரோடு காலி, போம்மா" என்றிருக்கிறார். இவள் பிரேக்கை மிதித்திருக்கிறாள். காரணமில்லாமல் ஏன் நிறுத்தினாய் என்று அவர் கோபித்துக்கொண்டிருக்கும்போதே பையன் காருக்கு முன்னால் கடந்து போனான். அதன் பிறகு வீடு வரும் வரை அப்பா பேசவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

எனக்கு வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அதே கார் அதே வாசல் வழியாகத்தான் போய் வருகிறது. இப்போது மட்டும் ஏன் இடம் போதவில்லை என்று நான் ஒருமுறையாவது கேட்டேனா?

அன்றிரவு மொட்டை மாடியில் புதுத் தளத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார் அப்பா. என்னென்னவோ பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு ஏறினேன். ஒன்றும் வரவில்லை. "வாசலை அளந்தோம், அப்பா. ஏழடி இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

குவளையைக் கீழே வைத்தார். வெகு நேரம் கழித்து, "தெரியும்டா. நான் கணக்கு வாத்தியார்" என்றார். "ஒரு வருஷமாகவே ஓரத்தில் இருப்பது தெரியவில்லை. டாக்டரிடம் போனால் வண்டியைத் தொடாதே என்பார். அதனால் போகவில்லை. அந்தப் பையன் மட்டும்... அவள் மிதிக்காமல் இருந்திருந்தால்..."

மேலே பேச அவரால் முடியவில்லை. நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் விஷயம் அப்பாயியின் காதுக்குப் போயிற்று. அவள் கோட்டின்மேலிருந்து எழுந்திருக்காமலே சொன்னாள்: "உங்க தாத்தாவுக்கும் கடைசியிலே இப்படித்தான். நேரே நிக்கிற ஆள் மூஞ்சி தெரியும். பக்கத்துலே இருக்கிற சொம்பு தெரியாது. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம். இந்தத் திண்ணை ஓரத்தைத் தடவிக்கிட்டுத்தான் வாசலுக்கு வருவார். அதைத்தான் இவன் இடிக்கப் போறான்."

கண் மருத்துவமனைக்குத் தங்கைதான் காரை ஓட்டினாள். நான் பக்கத்தில். அப்பா தம் சொந்தக் காரின் பின் ஆசனத்தில் முதல் முறையாக உட்கார்ந்தார். அந்த ஏழடி வாசலிலிருந்து அவள் பின்பக்கமாக எடுத்து வெளியே வந்தாள். தூண் மீது படவில்லை. அப்பா கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். ஒரு பெட்டிக்குள் பார்க்கச் சொல்லி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவு குளூக்கோமா என்று வந்தது. வலி இல்லாமல், நேர்ப்பார்வையைத் தொடாமல், ஓரங்களிலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும் நோய். அதனால்தான் பலருக்கு அது வந்திருப்பதே வெகுநாள் தெரிவதில்லை. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், சொட்டு மருந்தை ஒரு நாளும் விடக் கூடாது என்றார் டாக்டர். குடும்பத்தில் தொடரும் நோய் என்பதால் எங்கள் இருவர் கண்களையும் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா கார் சாவியை என்னிடம் கொடுக்கவில்லை. நேரே தங்கையிடம் நீட்டினார். கூரை வேலை முடிந்தது. கேட் வேலை நின்றது. கொத்தனார் திண்ணையிலிருந்த கரிக்கோட்டைத் தாமே தண்ணீர் விட்டுக் கழுவினார். அதன் பிறகுதான் அப்பாயி உள்ளே வந்து சாப்பிட்டாள்.

நான் தில்லிக்கு வந்த பிறகு தங்கைக்கு லைசென்ஸ் கிடைத்தது. பள்ளி திறந்துவிட்டது, அப்பாவை அவள்தான் கொண்டுபோய் விடுகிறாள். சென்ற வாரம் தொலைபேசியில், "அப்பா வண்டியில் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன்.

"டேஷ்போர்டைத் தட்டுகிறார்" என்றாள். "ஆனால் சந்து வந்தால் மட்டும், 'இந்தப் பக்கம் நீயே பார்த்துக்கொள் அம்மா' என்கிறார்."

நண்பர்களே, நாம் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வீட்டுக்குப் போகிறவர்கள். பெரியவர்கள் தங்கள் குறையை நம்மிடம் குறையாகச் சொல்லமாட்டார்கள். கேட் சிறியது என்பார்கள். விளக்கு மங்கல் என்பார்கள். பத்திரிகையில் எழுத்தைச் சிறிதாக்கிவிட்டான் என்பார்கள். தலையசைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.